சேணம் ஒரே பக்கம் சரிகிறது: பட்டையா, பேடா, பஞ்சா, டாக்டரா?

ரெட்டிச்சாவடியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் என் குதிரை நிற்கிறது. எட்டு வயது மார்வாரிப் பெட்டை. செஞ்சி பக்கத்தில் இருக்கிற பாவத்துக்கு, இந்தப் பக்கம் குதிரையில் ஏறுகிற எவனையும் ஊரில் தேசிங்கு ராஜா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் என் சவாரியைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் வந்திருக்காது. கிளம்பிய பத்தாவது நிமிடம் சேணம் வலது பக்கம் சரியும், இடது அங்கவடியை அழுத்தி மிதித்து நடுவுக்குக் கொண்டுவருவேன், அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி வலது. சந்தையில் காய்கறி மூட்டை ஒரு பக்கம் தொங்க சைக்கிள் ஓட்டுகிறவர் மாதிரி.

இதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், சிலவற்றைத் தப்பான வரிசையில். அதனால் எது எதைவிட மேல் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

முதலில் எல்லாரும் கைவைப்பது வயிற்றுப்பட்டையில்தான். தேவனாம்பட்டினம் பீச்சில் பல வருஷம் குதிரை ஓட்டிய ஒரு அண்ணன் தோப்புக்கு வந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு துளை இறுக்கு தம்பி. ஜீனி (சேணத்தைத்தான் சொன்னார்) எங்க போவும்?"

"ஏற்கெனவே இறுக்கமாத்தான் இருக்கு அண்ணே."

"அது மூச்சை இழுத்து வெச்சு ஏமாத்துது. கொஞ்சம் நடக்க விட்டுட்டு மறுபடி இறுக்கு."

அவர் சொன்னதில் பாதி சரி. குதிரை சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்ததும் பட்டை தளரும், ஏறுவதற்கு முன்னும் ஏறிப் பத்து நிமிடம் கழித்தும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். பக்கவாட்டில் விலாவுக்கும் பட்டைக்கும் நடுவே விரல் விட்டுப் பார்ப்பதைவிட, முன்னங்கால்களுக்கு நடுவில் நெஞ்செலும்பின் மேல் பார்ப்பது நல்லது, பக்கவாட்டில் உடம்பின் வளைவு ஏமாற்றிவிடும். ஆனால் மீதிப் பாதி தப்பு. பட்டை தளர்ந்திருந்தால் சேணம் இரண்டு பக்கமும் ஆடும், ஒரே பக்கம் போகாது. நான் அதை யோசிக்காமல் ஒரு வாரம் இறுக்கியதில் அவளுக்கு முழங்கைக்குப் பின்னால் பட்டை உரசிப் புண் வந்து, சவாரியே இரண்டு வாரம் நின்றுபோனது.

பட்டையில் உருப்படியாகச் செய்ய வேண்டியது வேறு. ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருக்கிற பட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்காது, எலாஸ்டிக் இருக்கும் பக்கம் மட்டும் கூடுதலாக நீளும். அதை மாற்றி, இரண்டு முனையிலும் எலாஸ்டிக் உள்ளதோ, எலாஸ்டிக்கே இல்லாததோ போடலாம். வயிற்றுப்பட்டையை மாட்டுவதற்காகச் சேணத்தில் தொங்கும் மூன்று வார்களில் முதலாவது தனி நாடாவிலும், மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு நாடாவிலும் தைக்கப்பட்டிருப்பதுதான் வழக்கம். ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் மாட்டாமல், முதலாவதும் அதில் ஒன்றாக வருகிற மாதிரி மாட்டினால் ஒரு நாடா அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். கடலூர் மழைக்காலத்துக்கு அப்புறம் இந்தத் தையல்களைப் பார்க்காமல் ஏறுவது உயிரோடு விளையாடுவது. ஐப்பசி, கார்த்திகையில் தோல் பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போயிருக்கும், மேலே பாலிஷ் பளபளக்கும்.

அடுத்து மார்புப்பட்டையும் வாலுக்கடியில் போகிற துமச்சியும். பீச் குதிரைகளில் பலவற்றுக்கு இரண்டையும் கட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து நானும் மார்புப்பட்டை வாங்கினேன். வீண். மார்புப்பட்டை சேணம் பின்னால் போகாமல் பிடிக்கும், துமச்சி முன்னால் வராமல் பிடிக்கும். பக்கவாட்டுச் சரிவுக்கு இரண்டுமே பெரிதாக எதுவும் செய்யாது. பானை வயிறும் மேடில்லாத முதுகும் உள்ள குட்டைக் குதிரைக்குத் துமச்சி தேவைப்படலாம், அது வேறு கதை. துமச்சியோடு சேணம் வயிற்றுக்கடியில் போய்விட்டால் வாலை இழுத்துக்கொண்டு குதிரை மிரண்டு ஓடும், அதைக் கற்பனை செய்துபார்த்தே நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சேணத்துக்கடியில் போடுகிற பேட் வழுக்காததா, திண்டு வைத்ததா என்பதுதான் நான் அதிக நாள் மண்டையை உடைத்துக்கொண்ட போட்டி.

வழுக்காத பேட் என்றால் ரப்பர் வலை, ஜெல் இந்த மாதிரி. பிடிமானம் நிஜமாகவே கூடும், அதுதான் அதில் உள்ள ஆபத்தும். சேணத்தைச் சரியவைக்கிற விசை அப்படியே இருக்க, சேணம் மட்டும் ஒட்டிக்கொண்டால் அந்த விசை எங்கே போகும்? தோலை முறுக்கும், முதுகுத் தசையை ஒரு பக்கம் அழுத்தும். அது போக நம்ம ஊர் வெயில். சித்திரையில் காலை ஏழரை மணிக்கே ஜெல்லுக்கு அடியில் முதுகு வெந்து வியர்வை குளமாக நிற்கும், கழற்றினால் முடி படிந்து தோல் சிவந்திருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் அதை எப்படிப் பாராட்டினாலும் பாண்டி, கடலூருக்கு அது எனக்குச் சரிப்படவில்லை. இன்னொன்று, ஏற்கெனவே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் சேணத்துக்கடியில் தடிமனான எதை வைத்தாலும் அது குறுகலாகி, தோள்மேட்டின் இரண்டு பக்கமும் கிள்ளும். ஷூவுக்குள் மூன்று சாக்ஸ் போட்டால் என்ன ஆகும், அதுதான். பழைய கம்பளி நமதா இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. வியர்வையை இழுக்கும், மெல்லியதாகவும் இருக்கும்.

திண்டு வைத்த பேடில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகப் பைகள் இருக்கும், எந்த மூலை பள்ளமாக இருக்கிறதோ அதில் மட்டும் ஐந்து பத்து மில்லிமீட்டர் தடிமனுக்குத் திண்டு சொருகலாம். நிறையக் குதிரைகளுக்கு ஒரு தோள் இன்னொன்றைவிடப் பெரியது. பெரிய தோள் ஒவ்வொரு அடிக்கும் சேணத்தைத் தள்ளும், அது தசை குறைந்த பக்கமாகப் போய் விழும். என் குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிற்கவைத்து, பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி மேலிருந்து பார்த்தபோது இடது தோள் புடைத்து வலது தோள் வற்றியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. வலது முன்பையில் ஒரு திண்டு வைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கே சேணம் நடுவில் நின்றது. மூன்று வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன், நாலாவது வாரம் மறுபடி வலது பக்கம். இரண்டாவது திண்டை எடுத்தபோதுதான் உறைத்தது, சாய்ந்துகொண்டிருக்கும் கட்டிலின் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டே போகிறேன், தரை ஏன் இறங்குகிறது என்று பார்க்கவில்லை.

ஆனாலும் திண்டும் ஜெல்லும் ஒன்றல்ல. ஜெல் சரிவை மறைக்கிறது, திண்டு எங்கே பள்ளம் என்று கேட்கிறது, பிடிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் உருவிவிடலாம். தற்காலிகத்துக்கு என்றால் என் ஓட்டு திண்டுக்கு.

நிரந்தரத்துக்குச் சேணத்தின் உள்ளேயே கம்பளி ஏற்றி இறக்குவது. இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சேணத்தைக் கான்பூருக்குப் பார்சல் அனுப்ப அலுத்துக்கொண்டு, சோபா தைக்கிற ஒருவரிடம் கொடுத்தேன். அருமையாகத் தைத்தார், உள்ளே இலவம்பஞ்சு. தலையணைக்கு அதைவிட உத்தமம் கிடையாது. அறுபத்தெட்டு கிலோ ஆள் குதித்துக் குதித்து உட்காருகிற இடத்தில், வியர்வையும் சேர்ந்தால், பத்து நாளில் கட்டி கட்டியாகிவிட்டது. கம்பளியை அடைப்பதற்குக் காரணம் உண்டு, அது அமுங்கி எழும்பும், ஈரத்தையும் தாங்கும். ஒருவழியாகச் சேண வேலை தெரிந்தவர் கைக்குப் போய் மொத்தத்தையும் பிரித்து அடைக்க வேண்டியதாயிற்று. உங்கள் சேணத்தின் அடிப்பக்கத்தில் ஃபோம் இருந்தால் இந்த வழியே இல்லை, அதைக் கூட்டிக் குறைக்க முடியாது.

புதுச் சேணம் வாங்குவது கடைசி. சேணத்துக்குள் இருக்கும் சட்டகம் முறுக்கிக்கொண்டிருந்தாலோ குதிரைக்கு ரொம்ப அகலமாக இருந்தாலோ எந்தப் பஞ்சும் காப்பாற்றாது, அப்போது வாங்கத்தான் வேண்டும். அதற்கு முன் சேணத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், நடுக்கோடு நேராகப் போகிறதா, அடியில் இருக்கும் இரண்டு மெத்தையும் ஒரே அகலமா, டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று.

சரி, ஏறி உட்காருகிற ஆள்? பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் நம்மைத்தான் சொல்வார்கள், "நீ கோணலா உட்கார்ற." என் அங்கவடி வார்களைக் கழற்றி ஆணியில் மாட்டி ஒப்பிட்டேன், இடது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். எப்போதும் இடது பக்கமே மிதித்து ஏறினால் அந்த வார் நீண்டுபோகும், அவ்வப்போது இடம் வலம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. தரையிலிருந்து தொங்கி ஏறுவதையும் விட்டுவிட்டேன், இப்போது பம்புசெட் தொட்டி விளிம்பில் நின்றுதான் ஏறுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த இரண்டும் சேணத்தை இடது பக்கம் இழுக்க வேண்டியவை. என்னுடையது போனது வலது. திருத்த வேண்டிய குற்றம்தான், ஆனால் இந்தக் கேஸில் குற்றவாளி இல்லை. நான் கோணலாக உட்கார்ந்ததால் சேணம் சரிந்ததா, சேணம் சரிந்ததால் நான் கோணலாக உட்கார்ந்தேனா என்பதும் ஏறி உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

இதையெல்லாம்விட எனக்கு வழிகாட்டியது காசில்லாத மூன்று சோதனைகள். ஒன்று கடற்கரை. நம்ம கரை கிழக்கே கடலைப் பார்த்து இறங்குகிறது, அலை ஓரமாக வடக்கே போனால் வலது பக்கம் தாழ்வு, திரும்பித் தெற்கே வந்தால் இடது பக்கம் தாழ்வு. சரிவு மண்ணால் என்றால் திரும்பும்போது சேணமும் பக்கம் மாற வேண்டும். என்னுடையது போகும்போதும் வலது, வரும்போதும் வலது. இரண்டு, வேறு ஆள். நண்பரின் மகள், என்னில் பாதி எடை, நேராக உட்காருகிற பெண். அவளுக்கும் வலது. மூன்று, வேறு சேணம். இரவல் வாங்கிய சேணமும் வலது. என் சேணமோ இன்னொரு குதிரை மேல் பொம்மை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் மீதி இருப்பது குதிரை மட்டும்தானே.

என் குதிரை நொண்டவில்லை, குறைந்தபட்சம் என் கண்ணுக்கு. இங்கேதான் 2013ல் வந்த ஒரு ஆய்வு கைகொடுத்தது. இங்கிலாந்தில் நியூமார்க்கெட் பக்கம் குதிரை நொண்டலை ஆராய்ந்த லினே கிரேவ், சூ டைசன் இருவரும், பின்னங்கால் நொண்டல் உள்ள 71 குதிரைகளில் 38க்குச் சேணம் தொடர்ந்து ஒரு பக்கம் சரிந்ததைக் கண்டார்கள். முன்னங்கால் நொண்டல் உள்ள 26ல் அப்படி ஒன்றே ஒன்று. மரப்பு ஊசி போட்டு வலியை நிறுத்தியதும் 97 சதவீதத்தில் சரிவும் நின்றுபோனது. பெரும்பாலும் அதிகம் நொண்டுகிற காலின் பக்கமாகவே சேணம் போகிறது. வலிக்கிற காலைக் காப்பாற்றிக்கொள்ள முதுகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை, அந்த அசைவு சேணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. சில நேரம் நொண்டல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் சேணம் சொல்லிவிடுகிறது.

இந்தப் பக்கம் குதிரைக்கு டாக்டர் என்றால் கொஞ்சம் தேட வேண்டும், மாடு பார்த்தே பழகியவர்கள்தான் அதிகம், அவர்கள்மேல் தப்பில்லை. பாண்டி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது, ஆரோவில் பக்கம் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது, இந்த வட்டாரத்தில் குதிரை விசாரணைக்கு நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். எனக்கு வந்த டாக்டர் வலது பின்னங்காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்திருந்துவிட்டு உடனே ஓடவிட்டார். நாலு அடி, அப்பட்டமான நொண்டல். ஹாக் என்கிற பின்னங்கால் நடு மூட்டில் தேய்மானத்தின் ஆரம்பம். மருந்து, ஓய்வு, லாடம் அடிப்பவரோடு பேசிக் குளம்பை மாற்றி வெட்டியது, இரண்டரை மாதம். அதற்குப் பிறகு ஏறியபோது சரிவில் முக்கால்வாசி இல்லை. மீதிக் கால்வாசி அந்த வற்றிப்போன வலது தோளால் வந்தது. கால் வலியோடு மாதக்கணக்கில் ஓடியதில் உடம்பு ஒரு பக்கமாக வளர்ந்துவிட்டிருக்கிறது. அதற்குத்தான் இப்போது ஒரே ஒரு மெல்லிய திண்டு, தோள் நிரம்ப நிரம்ப அதையும் எடுத்துவிடுவேன்.

ஆக டாக்டரின் செலவைத் திண்டு, பேட், மார்புப்பட்டை, சோபாக்காரர் எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தேன். டாக்டர்தான் மலிவு. முதலில் கூப்பிட்டிருந்தால் இன்னும் மலிவு.

நெல்லிக்குப்பத்து நண்பர் ஒருவர் நேற்றுப் போன் செய்தார், அவர் குதிரைக்கு இடது பக்கம் சரிகிறதாம், அதுவும் இடது வட்டத்தில் ஓடும்போது மட்டும், ஜெல் பேட் ஆர்டர் பண்ணட்டுமா என்றார். என்னுடையது ஸ்கூட்டர் சீட்டில்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் சேணத்தை அவர் குதிரைமேல் வைத்துப் பார்க்கப் போகிறோம்.