வில்பத்து மணலில் என் பழைய டபுள் கெப்

முன் சக்கர ஹப் இரண்டையும் கழற்றி, கழுவி, புதுக் கிரீஸ் வைத்து மாட்டி முடித்த கையோடு நண்பர் ஒருவர் அழைத்தார். "உங்கட மாதிரியே ஒரு கெப் விலைக்கு வருகுது, வாங்கலாமோ?" தொண்ணூறுகளின் ஜப்பான் டீசல் பிக்கப் வண்டி, மற்ற விவரமெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் ஹப் லொக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: சக்கர நடுவில் (ஹப்பில்) இருந்து, முன் சக்கரத்தை உள் அச்சோடு பூட்டும் திருகு அது.

ஹுனுவிலகம வாசலால் வில்பத்து தேசிய வனத்துக்குள் போய் வில்லு என்னும் இயற்கை நீர்நிலைகளைத் தேடி உள்ளே திரும்பினால், கோடையில் பல இடங்களில் பொலபொலத்த மணல்தான். லீவரைப் போர் வீலுக்கு (நான்கு சக்கர இழுவைக்கு) தள்ளினால் மட்டும் போதாது. இறங்கி, முன் சக்கரம் இரண்டிலும் திருகை 'லொக்'குக்குத் திருப்ப வேண்டும். சிறுத்தையும் கரடியும் திரியும் அந்தக் காட்டில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது! அதனால் வாசலிலேயே லொக் போட்டு, டயர்க் காற்றையும் 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்கிவிடுவேன். லொக் போட்டபடி டூ வீலில் தார் வீதியில் ஓடினாலும் கேடில்லை, டீசல்தான் கொஞ்சம் கூடப் போகும்.

அப்படியும் போன முறை புதைந்தது. போர் வீல் விளக்கு எரிகிறது, முன் சக்கரங்கள் அசையவில்லை. அந்த விளக்குக்கு, எஞ்சின் விசையை முன் அச்சுக்கும் பிரித்துவிடும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும்தான் தெரியும், ஹப் தெரியாது. இடது ஹப்பில் கிரீஸ் காய்ந்து, வெளியே திருகு திரும்பியும் உள்ளே பல் கடிக்கவில்லை. இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், இலேசாகச் சுற்றும் பக்கத்துக்கே அதைக் கொடுத்துவிடும், எனவே ஒரு ஹப் கைவிட்டால் முன்னால் இழுவையே இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு கராஜ் ஹப் சர்வீஸ் என்று காசு வாங்கியிருந்தது. திறந்தே பார்க்கவில்லை! 1,300 சதுர கிலோமீற்றரைத் தாண்டிய காட்டில் ஆளை நடுவழியில் விடுகிற வேலை அது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஹப் பிடித்துவிட்டால் இந்த வண்டியே வேறு. லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் போர் வீல் நிலையில்) இரண்டாம் கியர், சீரான ஆக்சிலேட்டர். மணலை உழுதுகொண்டு போய் வில்லுக்கரையில் நிறுத்தும். அணைக்கட்டு எதுவும் இல்லாமல் மழைநீர் தானாய்த் தேங்கும் பள்ளம் அது, சுற்றிவரப் புல்வெளி, தண்ணீரில் மான் கூட்டம். அங்கே கொண்டுபோக இதைவிட நம்பிக்கையான வண்டி எனக்குத் தெரியாது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். என்னுடையதை விற்கச் சொல்லியும் கேட்க வேண்டாம். மீறி வாங்குவதென்றால், முன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கில் தூக்கி, லொக் போட்டுக் கையால் சுற்றுங்கள். உள்ளே அச்சும் கூடச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.