கேட்ஸ் கிரிக்கிட்: படகு இன்ஜின் பெல்ட்டுக்கு ஓர் இழுவிசைமானி

படகு இன்ஜினில் ஆல்டர்னேட்டரையும் (பேட்டரிக்கு மின்னேற்றம் தரும் கருவி) தண்ணீர் பம்பையும் சுழற்றும் வி-பெல்ட் (‘V’ வடிவக் குறுக்குவெட்டு கொண்ட பெல்ட்) சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலோர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். கேட்ஸ் நிறுவனத்தின் கிரிக்கிட் என்னும் கையடக்கக் கருவி, விரல் ஊகிக்கும் அந்த இறுக்கத்தை, அதாவது இழுவிசையை, எண்ணாகக் காட்டுகிறது. விலை மலிவானது, பேட்டரி தேவையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளைப் பராமரிப்பவர்கள் இதை அவசியம் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

பல சிறிய கடல் டீசல் இன்ஜின்களின் கையேடுகள், இரண்டு புல்லிகளுக்கு (பெல்ட் ஓடும் சக்கரங்களுக்கு) நடுவே சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் பெல்ட் ஏறக்குறைய 10 மி.மீ. உள்வாங்க வேண்டும் என்கின்றன. இந்த அளவில் குறை இல்லை. ஆனால் கட்டைவிரல் 10 கிலோ அழுத்துகிறதா, 15 கிலோ அழுத்துகிறதா என்பதை யாராலும் உணர்ந்து சொல்ல முடியாது. புல்லிகளுக்கு இடைப்பட்ட தூரமும் கணக்கில் வர வேண்டும். 250 மி.மீ. இடைவெளியில் மேற்சொன்ன அளவு கிடைத்தால் பெல்ட்டின் இழுவிசை ஏறத்தாழ 610 நியூட்டன். இடைவெளி 400 மி.மீ. ஆக இருந்தால் அதே உள்வாங்கலுக்கு இழுவிசை 980 நியூட்டனை எட்டிவிடும். ஆகவே ஓர் இன்ஜினில் பழகிய விரலை இன்னோர் இன்ஜினில் அப்படியே நம்புவது சரியல்ல.

பயன்படுத்தும் முறை எளிது. இன்ஜினை நிறுத்தி, கருவியில் அளவு காட்டும் முள்போன்ற கையைக் கீழே தள்ளிவிட்டு, இரு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டின் முதுகில் கருவியை வைத்து, ஒரே விரலால் மெதுவாக அழுத்த வேண்டும். ‘க்ளிக்’ என்ற ஒலி கேட்டவுடன், அல்லது அந்தச் சொடுக்கு விரலில் தெரிந்தவுடன், அழுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் அளவு கூடுதலாகக் காட்டும். பிறகு கருவியை அசையாமல் எடுத்து, அளவு காட்டும் கையின் மேல்விளிம்பு அளவுகோலை வெட்டும் இடத்தைப் படிக்கலாம். வெளிச்சம் குறைந்த இன்ஜின் அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்து படிக்க முடிவது பெரிய வசதி. இரண்டு மூன்று முறை அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கவனம் ஏன் தேவை என்றால், பிழை எந்தப் பக்கம் போனாலும் செலவு வைக்கும். தளர்ந்த பெல்ட் புல்லியில் வழுக்கி, கரும்பொடியாக உதிர்ந்து, பேட்டரிக்குப் போதிய மின்னேற்றம் தராது; தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் இன்ஜின் சூடேறும். அதிகம் இறுகிய பெல்ட் எந்த ஓசையும் எழுப்பாமல் கெடுதல் செய்கிறது: புல்லி அச்சின் மீது விழும் பளு பெல்ட்டின் இழுவிசையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், ஆல்டர்னேட்டர், பம்ப் இரண்டின் பேரிங்குகளும் காலத்துக்கு முன்பே தேய்கின்றன. கடல் நடுவே பம்பின் பேரிங் போவதைவிடக் கரையிலேயே ஒரு முறை அளந்துவிடுவது எவ்வளவோ மேல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கருவி எண்ணைக் காட்டுமே தவிர, எந்த எண் வேண்டும் என்பதைச் சொல்லாது. இன்ஜின் கையேட்டில் இழுவிசை அளவு இல்லாமல் உள்வாங்கும் அளவு மட்டும் இருந்தால், புல்லிகளின் இடைவெளியையும் சேர்த்து இழுவிசையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். புல்லிகள் நெருக்கமாக உள்ள இன்ஜின்களில் கருவியை நடுவில் சரியாக வைப்பதே கடினம். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் அதையும் இது காட்டாது; நேரான சட்டம் ஒன்றை வைத்துத் தனியே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் இன்ஜின் வேலை நடக்கும்போது புதிய பெல்ட் மாட்டுபவர்களுக்கு இது மிகவும் பயன்படும். புதிய பெல்ட் முதலில் சற்று நீண்டு புல்லியில் படிந்துகொள்ளும் என்பதால், சிறிது நேரம் ஓட்டி, இன்ஜின் ஆறியபின் மறுபடியும் அளந்து இறுக்குவது கட்டாயம்.

வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள். ‘கிரிக்கிட் 1’ என்னும் வகை சுமார் 150 முதல் 700 நியூட்டன் வரை அளக்கும். சாதாரண வி-பெல்ட்டுக்கு அதுவே ஏற்றது. வரிவரியாகப் பள்ளம் கொண்ட பட்டையான பெல்ட்டுக்கு 500 முதல் 1400 நியூட்டன் வரை அளக்கும் ‘கிரிக்கிட் 2’ என்னும் வகை வேண்டும். பெல்ட்டைத் தானாகவே இறுக்கிவைக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் பொருத்திய இன்ஜினுக்கு இவை இரண்டுமே தேவையில்லை.