மெக்சிகோ சிட்டில எங்க சாப்பிடலாம்: தெருக்கடையா, ஃபோண்டாவா, பெரிய ரெஸ்டாரண்டா?

மெக்சிகோ சிட்டிக்கு டிக்கெட் போட்ட உடனே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், ரோட்டுக்கடைல சாப்பிடலாமா, இல்ல நல்ல ரெஸ்டாரண்டா பாத்து புக் பண்ணிடலாமா. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஃபோண்டான்னு மூணாவது ஒண்ணு இருக்கு, அத யாரும் கேக்குறதே இல்ல, ஆனா அந்த ஊரு ஆளுங்க வேலை நாள்ல மதியம் போய் உக்கார்ற இடமே அதுதான். மூணையும் ஒண்ணா வச்சு பாத்தா எனக்கு தோணுறது என்னன்னா, எது பெஸ்ட்டுன்னு ரேங்க் போடுறதுல பிரயோஜனமே இல்ல, எந்த மணிக்கு எங்க போறதுன்னு பாக்குறதுதான் முக்கியம். அங்க ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் இருக்கு, நேரம் தப்பி போனா ஒண்ணு கிடைக்காது, இல்லன்னா எப்பவோ செஞ்சத சூடு பண்ணி குடுப்பாங்க.

காலைல தெருதான் ஜெயிக்குது. மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல பெரிய ஸ்டீமர் வச்சு தமாலே விப்பாங்க, மக்காச்சோள மாவ சோளத்தோல்ல சுத்தி ஆவில வேக வச்சது. அத அப்படியே நீள பன்னு ஒண்ணுக்குள்ள வச்சு குடுத்தா அதுதான் குவஹலோதா, கூடவே கெட்டியா சூடா அதோலேங்குற சோள மாவு கஞ்சி ஒரு கப், ஆபீஸ் போறவங்க நின்னுக்கிட்டே முடிச்சிட்டு ரயிலுக்கு ஓடுவாங்க, மதியம் வரைக்கும் பசிக்காது. கொஞ்சம் நேரம் ஆனதும் சைக்கிள்ல கூடை கட்டி நீல பிளாஸ்டிக் ஷீட் போத்தி டாக்கோஸ் தே கனாஸ்தா, அதாவது கூடை டாக்கோ வரும், டாக்கோன்னா டோர்ட்டியாங்குற மெல்லிசு சோள ரொட்டில எதையாவது வச்சு மடிச்சது, இதுல உருளைக்கிழங்கு, பீன்ஸ், சிச்சரோன்ங்குற பொரிச்ச பன்னித்தோல்னு உள்ள வச்சு, கூடைக்குள்ளயே ஆவில ஊறி மெத்துன்னு ஆகியிருக்கும், இருக்குறதுலயே விலை கம்மியான டாக்கோ அதுதான். ஹோட்டல் பஃபேல முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டுட்டு இறங்குறவங்க இத மொத்தமா விட்டுடுறாங்க, அதுதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. காலைல உக்காந்துதான் சாப்பிடணும்னா ஊரோட பழைய நடுப்பகுதியான சென்ட்ரோல எல் கார்தெனால் இருக்கு, 1969லேர்ந்து நடக்குற கடை, கோன்ச்சான்னு சொல்ற இனிப்பு பன்னோட பாலாடை வச்சு, நுரை வர கடைஞ்ச சூடான சாக்லேட்டும் குடுப்பாங்க. அந்த ஒண்ணுக்காக ஒரு காலைய ஒதுக்கலாம்.

மதியம் வந்துட்டா கதையே மாறிடுது. மெக்சிகோல பெரிய சாப்பாடு மதியம்தான், அதுவும் ரெண்டு மணிக்கு மேல, நாலு வரைக்கும் கூட போகும். அந்த நேரத்துக்கு ஃபோண்டா. நம்ம ஊரு மெஸ் மாதிரிதான், ஒரு குடும்பம் நடத்துற சின்ன இடம், பிளாஸ்டிக் விரிச்ச நாலஞ்சு டேபிள், வாசல்ல ஒரு போர்டுல அன்னைக்கு என்னென்னன்னு கையால எழுதியிருக்கும். கோமிதா கொர்ரிதான்னு கேட்டா வரிசையா வரும். மொதல்ல ஒரு சூப், பெரும்பாலும் தக்காளி குழம்புல மெல்லிசு சேமியா போட்டது, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிக்கணும். அடுத்தது சாதம், தனி தட்டுல, மேல ஒரு பொரிச்ச முட்டை வைக்கவான்னு கேப்பாங்க, வைக்க சொல்லுங்க. அப்புறம்தான் மெயின், சிப்போத்லே மிளகாய் குழம்புல கோலா உருண்டை இருக்கும், இல்ல சீஸ் அடைச்ச பொப்லானோ மிளகாய முட்டைல தோச்சு பொரிச்சு தக்காளி சாறுல விட்டிருப்பாங்க, இல்ல டோர்ட்டியாவ சுருட்டி பச்ச சாஸ் ஊத்துன என்சிலாதா. துணில சுத்துன கூடைல டோர்ட்டியா சூடா வந்துக்கிட்டே இருக்கும், ஜக்குல செம்பருத்தி தண்ணி, கடைசில ஒரு ஜெலட்டினோ பால் சாதமோ. இத்தனையும் சேத்து சாதாரண ஏரியால 80லேர்ந்து 130 பெசோக்குள்ள முடிஞ்சிடும், ஒரு பெசோ நம்ம காசுக்கு ஏறக்குறைய அஞ்சு ரூபா.

நான் ஃபோண்டாவுக்கு இவ்வளவு பேசுறது விலைக்காக மட்டும் இல்ல. தெருக்கடைல நீங்க பாக்குறது ஒரே ஐட்டத்த வருஷக்கணக்கா செய்ற ஒரு கை, பெரிய ரெஸ்டாரண்ட்ல பாக்குறது ஒரு செஃப்போட யோசனை, ஆனா ஒரு மெக்சிகோ வீட்டுல தினமும் என்ன சமைக்கிறாங்கன்னு தெரியணும்னா ஃபோண்டாவ தவிர வேற இடம் இல்ல. கத்திரிக்கா அளவு சுரைக்காய சோளத்தோட வதக்குறது, நோப்பால் கள்ளிய முள்ளெடுத்து வெங்காயம் தக்காளியோட செய்றது, இதெல்லாம் இப்படி வீட்டு சமையலா டாக்கோ கடைலயும் டேஸ்டிங் மெனுலயும் அதிகம் வராது. ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமைகள்ல போனீங்கன்னா இன்னும் நல்லது, அன்னைக்கு இறைச்சி இல்லாம மீன், இறா, காய்னு தனியா சமைப்பாங்க. மார்க்கெட்டுக்குள்ள இருக்குற கவுன்டரும் இந்த கணக்குதான், ரோமா சூர் ஏரியால மெர்காதோ மெதேயின் மார்க்கெட், கோயோகான் மார்க்கெட்ல தோஸ்தாதா, அதாவது மொறுமொறுன்னு பொரிச்ச டோர்ட்டியா மேல எல்லாம் வச்சது, ஹமாய்க்கா பூ மார்க்கெட்ல செருப்பு நீளத்துக்கு சோள மாவ தட்டி சுட்ட உவராச்சே.

ராத்திரி ஆனா ஃபோண்டா மூடிடுவாங்க, திரும்ப தெரு. அல் பஸ்தோர் வெயில் சாஞ்சப்புறம் சாப்பிட வேண்டியது, பகல்ல போனா பாதி கடைல கறிய அடுக்கி சுத்த விடுற த்ரோம்போ கம்பியவே ஏத்தியிருக்க மாட்டாங்க. மத்திய கிழக்குலேர்ந்து வந்து புவேப்லால குடியேறினவங்க கொண்டாந்த ஷவர்மாதான் அதுக்கு மூலம், ஆட்டுக்கு பதிலா பன்னி, பிட்டாவுக்கு பதிலா சோள டோர்ட்டியா, மசாலாவுக்கு அச்சியோத்தேங்குற சிவப்பு விதையும் குவாஹியோ மிளகாயும்னு மாறி இப்ப இந்த ஊரோட சொத்தாவே ஆயிடுச்சு. நார்வார்த்தே ஏரியால எல் வில்சீத்தோன்னு ஒரு இடம், பகல்ல மெக்கானிக் ஷாப், ராத்திரி டாக்கோ கடை, மாஸ்டர் கறிய சீவி டோர்ட்டியால விழ வச்சுட்டு கத்தி நுனியால உச்சில இருக்குற அன்னாசிய ஒரு தட்டு தட்டி அது மேலயே விழ வைப்பாரு.

எனக்கு அதவிட பிடிச்சது சுவாதேரோ, மாட்டோட வயித்துப்பக்கத்து கறி. வட்ட தட்டு ஒண்ணு, நடுவுல மேடா இருக்கும், சுத்தி பள்ளத்துல கொழுப்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும், அதுல சுவாதேரோ, லோங்கனீசாங்குற சாசேஜ், குடல் எல்லாம் மணிக்கணக்கா மெதுவா வெந்துக்கிட்டே கிடக்கும். கேட்ட உடனே ஒரு துண்ட எடுத்து கட்டைல போட்டு டக்டக்னு கொத்தி, டோர்ட்டியாவ அந்த கொழுப்புலயே ஓரமா தோச்சு மேட்டுல சூடு பண்ணி, வெங்காயம் கொத்தமல்லி தூவி கையில குடுத்துடுவாங்க. நீங்க சாப்பிடுற தட்டு மேல பிளாஸ்டிக் கவர் மாட்டியிருக்கும், கழுவுற வேலை இல்ல. காசு கடைசிலதான், எத்தனை சாப்பிட்டேன்னு நீங்களே சொல்லணும், அவங்க அத நம்பிதான் வாங்குறாங்க, அதனால எண்ணிக்கைல கவனமா இருங்க. ஒண்ணு 20லேர்ந்து 35 பெசோ. சாஸ் ரெண்டு கிண்ணத்துல இருக்கும், சிவப்புதான் காரம்னு நம்ம கண்ணு சொல்லும், நிறைய கடைல பச்சதான் போட்டு தாக்கும், ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு ஊத்துங்க.

2024 மே மாசம் மெக்சிகோவுக்கு மொத தடவையா, ரெஸ்டாரண்டுங்களுக்கு ஸ்டார் குடுக்குற மிஷ்லின் கைடு வந்தப்ப சான் ரஃபேல் ஏரியால இருக்குற எல் கலீஃபா தே லியோன்ங்குற டாக்கோ கடைக்கு ஒரு ஸ்டார் குடுத்தாங்க. 1968லேர்ந்து இருக்குற கடை, மெனுல நாலே டாக்கோ, உக்கார இடம் கிடையாது. அதுல கவோனேராங்குறது நிஜமாவே நல்ல டாக்கோ, மெல்லிசா வெட்டுன மாட்டுக்கறி, உப்பு, எலுமிச்சம்பழம், கண்ணு முன்னாடி தட்டி போட்ட டோர்ட்டியா, அவ்வளவுதான். ஆனா சாதாரண டாக்கோ விலைய விட ரெண்டு மூணு மடங்கு, அதுக்கு மேல வெயில்ல லைன். லைன் சின்னதா இருந்தா நில்லுங்க, நீளமா இருந்தா அதுக்காக மதியத்த தொலைக்காதீங்க, அந்த நேரத்துல ஒரு ஃபோண்டால முழு சாப்பாடே முடிச்சிடலாம்.

பெரிய ரெஸ்டாரண்ட் எதுக்குன்னா, தெருவுலயும் ஃபோண்டாலயும் முடியாத விஷயத்துக்கு மட்டும். புஹோல்ங்குற ரெஸ்டாரண்ட்ல வருஷக்கணக்கா சூடு பண்ணி சேத்துக்கிட்டே வர்ற பழைய மோலே, அதாவது மிளகாயும் மசாலாவும் அரைச்ச கெட்டி சாஸ், அது நடுவுல புது மோலே வட்டமா ஊத்தி வைப்பாங்க, அது ஒரு கிச்சன் வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாதான் முடியுற வேலை, ஒரு ஆளுக்கு 3000 பெசோவுக்கு மேல ஆகும், ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். ஒரே ஒரு பெரிய செலவுதான் பண்ண முடியும்னா நான் கொந்த்ரமார்ங்குற மீன் ரெஸ்டாரண்டதான் சொல்லுவேன், மதிய நேரத்துல. டூனா தோஸ்தாதாவும், ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் பச்ச மசாலா தடவி சுட்ட முழு மீனும், செலவு புஹோல் பக்கத்துல கூட வராது, ஊரே கொண்டாட்டமா உக்காந்து சாப்பிடுற சத்தத்தோட சாப்பிடுவீங்க. ஆகஸ்ட் செப்டம்பர்ல போறவங்க நல்ல ரெஸ்டாரண்ட் ஒண்ணுல சிலே என் நோகாதா கேளுங்க, வால்நட் சாஸும் மாதுளையும் போட்டது, வருஷத்துல அந்த சீசன்லதான் சரியா கிடைக்கும். ரெஸ்டாரண்ட்ல பில் அவங்களா கொண்டுவர மாட்டாங்க, லா குவெந்தான்னு கேக்கணும், டிப் 10லேர்ந்து 15 சதவீதம்.

நம்ம ஆளுங்களுக்கு தனியா சொல்ல வேண்டியது கறி விஷயம். மாடு வேண்டாம்னா சுவாதேரோ, பிஸ்தெக், லெங்குவா தவிர்க்கணும், பன்னி வேண்டாம்னா பஸ்தோர், கர்னீதாஸ், கொச்சினீத்தா மூணும் கிடையாது. சைவம்னா தெரு, ஃபோண்டா, ரெஸ்டாரண்ட் மூணுலயும் கவனம் வேணும், கறி இல்லாமன்னு சொன்னா கூட ஹாம் தூவி குடுப்பாங்க, பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு, சாதத்துல கோழி சாறு. யேவா மந்தேகான்னு கேளுங்க, கொழுப்பு போட்டிருக்கான்னு அர்த்தம், முகம் சுளிக்காம பதில் சொல்லுவாங்க. சைவத்துக்கு என் ஓட்டு தெருவோரம் நீல சோள மாவு தட்டுற அம்மாக்களுக்குதான், த்லகோயோங்குற தடிச்ச அடைல உள்ள பீன்ஸோ மொச்சையோ வச்சு காஞ்ச கல்லுல சுட்டு மேல நோப்பால், சீஸ் போடுவாங்க, டோர்ட்டியாவ மடிச்சு சுடுற கேசதியால பூசணிப்பூவும், சோளக்கதிர்ல வளர்ற உவித்லகோச்சேங்குற காளானும் வைப்பாங்க. இந்த ஊர்ல கேசதியால சீஸ் தானா வராது, கோன் கேசோன்னு சேத்து சொல்லணும்.

வயிறு விஷயத்துல பயம் தேவை இல்ல, கூட்டம் இருக்குற கடை, காசு வாங்குற கையும் டாக்கோ தொடுற கையும் வேற வேற, கறி கல்லுல இருந்து சூடா நேரா தட்டுக்கு வருதான்னு பாருங்க. நறுக்கி ரொம்ப நேரம் திறந்து வச்ச பழத்த விட்டுடுங்க. குழாய்த் தண்ணி எங்கயும் வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை மட்டும் மேல சொன்ன கணக்கு உதவாது, வேலைக்கு போறவங்கள நம்பி நடக்குற ஃபோண்டா நிறைய அன்னைக்கு திறக்காது. அன்னைக்கு காலைல பர்பகோவா, செம்மறி ஆட்ட மாகெய் கத்தாழை இலைல சுத்தி குழிக்குள்ள ராத்திரி பூரா வேக வச்சது, இதால்கோ மாநிலத்து ஆளுங்க வாரக்கடைசிலதான் செய்வாங்க. ரோமா சூர்ல எல் இதால்கென்சே வாரக்கடைசிக்குன்னே நடக்குற கடை, மதியத்துக்கு முன்னாடியே போயிடுங்க, லேட்டா போனா நல்ல பாகம் எல்லாம் தீந்திருக்கும். கறிய கிலோ கணக்குல கேக்கலாம், அரைக் கிலோ ரெண்டு பேருக்கு தாராளம், கறி வேகுறப்ப சொட்டுன சாறுலேர்ந்து வர்ற கொன்சொமேங்குற சூப்ப மொதல்லயே சொல்லி வச்சிடுங்க.