இன்ஜின் லைட் எரிகிறது, ஆனால் கோளாறு சிக்கவில்லை: சொந்த ஓபிடி கருவியா, சர்வீஸ் சென்டரா?

மஞ்சள் இன்ஜின் லைட் எரியும்; ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்குள் அணைந்துவிடும். "ஒண்ணும் இல்ல சார்" என்று அனுப்பிவிடுவார்கள். இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு என் ஓட்டு முதலில் புளூடூத் ஓபிடி கருவிக்குத்தான் (காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுகளைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி).

காரணம், கோளாறு வரும் நேரத்தில் அந்தக் கருவி காரிலேயே இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் எரர் கோடுகளைப் படிக்கலாம். இன்னும் உறுதியாகாத 'பெண்டிங்' கோடுகளையும் பாருங்கள். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவில் கோளாறு பதிவான கணத்தின் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் இருக்கும். பெட்ரோல் கார் என்றால் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) முக்கியம்: ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, ஆர்பிஎம் கூட்டியதும் இறங்கினால், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். படித்துக் குறித்துக்கொள்ளும் முன் எதையும் அழிக்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றினாலும் தடயம் போய்விடலாம்.

சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் ஆழமானது. ஏபிஎஸ், கியர்பாக்ஸ், கம்பெனிக்கே உரிய கோடுகள், வால்வுகளை இயக்கிப் பார்க்கும் சோதனை எல்லாம் உண்டு. மலிவுக் கருவிகளில் பலவற்றுக்கு இது எட்டாது. ஆனால் கார் அங்கே நிற்கும்போது கோளாறு வர வேண்டுமே! அதனால் ஸ்கிரீன்ஷாட்டோடு போங்கள்.

லைட் மினுக்கினால் இந்த ஒப்பீடே வேண்டாம். அது பெரும்பாலும் கடுமையான மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது); புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே கெட்டுவிடும். ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.