பின் மாற்றுவதா, துளையைக் கட்டுவதா, லைன் போரிங்கா? பழைய பொக்லைனின் ஆட்டம் பிடித்த இணைப்புகளுக்கு எது தகும்

பொக்லைனின் இணைப்பைக் கோத்திருக்கும் தண்டுதான் பின்; அது சுழலும் உருளை வளையம்தான் புஷ். புஷ் மாற்றிச் சில மாதங்களுக்குள் பக்கெட் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது என்ற புலம்பலைக் கேட்காத பணிமனை இல்லை. பழி உடனே புஷ்ஷின் தரத்தின் மேல் விழும். அடுத்த முறை இன்னும் விலை கூடிய புஷ் வாங்குவார்கள், அதுவும் நிற்காது. பெரும்பாலும் கோளாறு புஷ்ஷில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் துளையில் இருக்கிறது. எந்தப் பழுதுபார்ப்பு முறை நல்லது என்ற கேள்விக்கு, துளை இன்னும் வட்டமாக இருக்கிறதா, எதிர்த் துளையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

தேய்மானம் எந்த வரிசையில் நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பின்னின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. ராக்வெல் சி அளவுகோலில் 50க்கு மேல் இருப்பது வழக்கம். ஆனால் அந்தக் கடினத் தோல் சில மில்லிமீட்டர் ஆழம்தான். எஃகு புஷ்ஷும் கடினமானதே. இவை இரண்டையும் தாங்கும் காதுகள், அதாவது துளையிட்ட தடித்த பகுதிகள், அப்படியல்ல. அவை கடினப்படுத்தாத வார்ப்பு எஃகு அல்லது தகட்டு எஃகு. கிரீஸ் வற்றிப் பின் புஷ்ஷைக் கடித்துப் பிடித்துக்கொண்டால், பின் புஷ்ஷுக்குள் சுழல்வதற்குப் பதிலாக, புஷ்ஷையும் இழுத்துக்கொண்டு துளைக்குள் சுழலும். கடின எஃகு மென்மையான எஃகை அரைக்கத் தொடங்குவது அந்த நாளில்தான். புஷ் இல்லாத வெளிக்காதுகளும் இதே கதிக்கு ஆளாகும். பின்னைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் போல்ட் ஒடிந்ததைக் கவனிக்காமல் வண்டியை ஓட்டினால், பின் அந்தக் காதுகளையே தின்னும்.

சுழன்ற புஷ்ஷை வெளியே எடுத்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். இறுக்கமாக இருந்த புஷ்ஷின் வெளிப்புறம் மங்கலாக, அடித்து இறக்கிய கோடுகளோடு இருக்கும். சுழன்ற புஷ்ஷின் வெளிப்புறம் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கும். அதன் ஓரங்களில் செம்பழுப்புப் பொடி அப்பியிருக்கும். துரு மாதிரித் தெரிந்தாலும் அது மழைநீர் இறங்கிப் பிடித்த துரு அல்ல. இரண்டு இரும்புகள் நுண்ணிய அசைவில் உரசி உதிர்த்த தூள். இதைப் பார்த்த பிறகும் துளையை அளக்காமல் புதுப் புஷ்ஷை அடித்து இறக்குவது வீண் வேலை.

அளப்பதற்கு உள்விட்ட மைக்ரோமீட்டரோ போர் கேஜோ வேண்டும், வெர்னியர் போதாது. துளையின் இரு ஓரங்களிலும் நடுவிலும், சுமை விழும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளவெடுக்க வேண்டும். 100 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ் துளையைவிட ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. பெரிதாக இருப்பதால்தான் அது நிற்கிறது. துளை அந்த அளவு அகன்றுவிட்டால் பிடிப்பு போய்விட்டது என்று பொருள். மேல்கீழ் அளவும் பக்க அளவும் ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாக வேறுபட்டால் துளை முட்டை வடிவம் எடுத்துவிட்டது. அப்புறம் கடையில் எந்தப் புஷ் வாங்கினாலும் ஒன்றுதான்.

துளை நன்றாக இருந்தால்

துளை வட்டமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பின், புஷ், தூசி சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னை மட்டும் மாற்றும் சிக்கனத்தை நான் ஏற்கவில்லை. அகன்ற புஷ்ஷுக்குள் புதுப் பின் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். அந்தக் கோட்டில் முழுச் சுமையும் இறங்கி, புதுப் பின்னின் கடினத் தோலைச் சீக்கிரமே உரித்துவிடும். பழைய பின்னை அரைவட்டம் திருப்பிப் போடுவது, உதிரிபாகம் வந்து சேரும் வரை வேலையை ஓட்ட உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பழைய புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்றுவதும், அதன் உட்சுவரில் நீளவாக்கில் ஒரு வெல்டிங் கோடு ஓட்டி எடுப்பதும் பலன் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறானவை. கோடு ஆறும்போது புஷ் சுருங்கித் தானே தளர்ந்துவிடும். துளையில் கீறல் விழாது. உள்ளே இறக்குவதிலும் அப்படித்தான். நேரடிக் கணக்கு சொன்னால், 100 மி.மீ. புஷ்ஷை உலர் பனிக்கட்டியில் வைத்து 100 டிகிரி குளிர்வித்தால் அது 0.1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். பிடிப்புக்காக விட்ட மிகை அளவு முழுவதும் அந்தச் சுருக்கத்தில் அடங்கிவிடுவதால், புஷ் கைத்தள்ளலிலோ லேசான தட்டலிலோ உட்காரும். சம்மட்டி வைத்தியத்தில் புஷ்ஷின் வாய் பிதுங்கும்; பின் நுழைய மறுக்கும். கடினப்படுத்திய பின்னைச் சம்மட்டியால் நேரடியாக அடிப்பது அதைவிட மோசம். தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும். இடையில் பித்தளைத் தண்டு வையுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டு வளையம், போடுவது சரியான வேலை. ஆனால் அதைப் பின் ஆட்டத்துக்கு மருந்தாக நினைப்பவர்கள் உண்டு. ஷிம் வண்டியின் சத்தத்தைக் குறைக்கும். முட்டை வடிவத் துளையை வட்டமாக்காது.

துளை போய்விட்டால்: போட்டியாளர்கள் நால்வர்

முதலில், கையால் வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரால் தேய்த்து வட்டமாக்குவது. எங்கும் செய்யலாம், தனிக் கருவி வேண்டாம், ஒரே நாளில் முடியும். அதனால்தான் இதுவே அதிகம் நடக்கிறது. ஆனால் தேய்த்து முடித்த துளையில் நீலச்சாயம் பூசிய புஷ்ஷை நுழைத்து எடுத்துப் பாருங்கள். சாயம் ஒட்டியிருப்பது நாலைந்து மேடுகளில் மட்டுமே. இடையிலெல்லாம் வெறும் இரும்பு. 80 மி.மீ. பின்னும் 100 மி.மீ. நீளப் புஷ்ஷும் சேர்ந்தால் சுமை தாங்கும் பரப்பு 80 சதுர செ.மீ. அதில் 15 டன் விழுந்தால் சதுர செ.மீ.க்கு 190 கிலோ அளவுக்கு அழுத்தம். துளையில் கால்வாசிப் பரப்பு மட்டுமே புஷ்ஷைத் தாங்கினால் அதே சுமை சதுர செ.மீ.க்கு 750 கிலோவாகிறது. மேடுகள் நசுங்குகின்றன, புஷ் தளர்கிறது, மறுபடி சுழல்கிறது. இன்னொரு கேடும் உண்டு: இரண்டு காதுகளையும் தனித்தனியாகத் தேய்க்கும்போது இரு துளைகளும் ஒரே கோட்டில் அமைவது தற்செயல்தான். கோணலான துளைகளில் பின் ஒரு ஓரத்தில் இறுகி, கிரீஸ் நுழைய இடமில்லாமல் காய்ந்து கடிக்கும்.

அடுத்தது பிடிப்புப் பசைகள். 0.1 அல்லது 0.2 மி.மீ. இடைவெளி, அதுவும் சுற்றிலும் சீராக இருந்தால், இறுக்கும் பசை உண்மையிலேயே உதவும். முட்டை வடிவத் துளைக்கு இது விடை அல்ல. பாறையில் மோதும் பக்கெட்டின் இணைப்பில் இதை நம்பி இறங்கவே கூடாது.

மூன்றாவது, தேய்ந்த துளையையே சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்த புதிய வளையத்தை அங்கே வெல்டிங் செய்வது. லைன் போரிங் கருவி கிடைக்காத இடத்தில் என் ஓட்டு இதற்குத்தான். இரண்டு வளையங்களையும் நேரான ஒரே டம்மி தண்டில் கோத்து, எதிர்ப்பக்கத்து நல்ல துளையிலிருந்தோ வண்டியின் வரைபட அளவிலிருந்தோ மையத்தை நிறுத்தி, முதலில் புள்ளி வெல்டிங், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிச் சிறு சிறு நீளத்தில் வெல்டிங் என்று போனால், துளைகள் நேர்கோட்டில் நிற்கும். அவசரப்பட்டு ஒரே பக்கமாக ஓட்டினால் வெப்பம் வளையத்தை இழுத்துவிடும். தண்டு உள்ளேயே சிறைப்படும்.

நான்காவது லைன் போரிங். கையடக்கப் போரிங் கருவியின் தண்டை இரு காதுகள் வழியாகவும் செலுத்தி, இரு முனையிலும் பேரிங்கில் தாங்கி, ஒரே தண்டால் எல்லாத் துளைகளையும் கடைவது. இதில் இரண்டு வழிகள் பிரிகின்றன. துளையைப் பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய புஷ்ஷைச் செய்து இறக்கலாம். அல்லது அதே தண்டில் சுழலும் வெல்டிங் டார்ச்சால் துளையை உள்ளே சுற்றிலும் நிரப்பி, பழைய அளவுக்கே கடையலாம். பெரிய புஷ் வழியில் சூடு இல்லை, வேலை விரைவு. ஆனால் காதின் சுவர் மெலிகிறது, அடுத்த முறை கடையில் கிடைக்கும் புஷ் பொருந்தாது. காது தடிமனாக இருந்து, வண்டிக்கு மிச்சமிருக்கும் உழைப்பும் குறைவு என்றால் இது போதும். புதிய அளவைக் காதிலேயே எண் பொறித்துவிடுங்கள், அடுத்து வருகிற மெக்கானிக் வாழ்த்துவார். இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டிய வண்டிக்கு நிரப்பிக் கடைவதே முறை.

லைன் போரிங் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி விலகி நிற்கக் கூடாது. கருவியின் மையத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தேய்ந்த முட்டை வடிவத்தின் நடுவை மையமாக வைத்துக் கடைந்தால், தேய்மானத்தையே நிரந்தரமாக்குவதுதான் நடக்கும். சுமை விழாத பக்கத்தில், துளையின் விளிம்பில், தொழிற்சாலை கடைந்த பழைய பரப்பு பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மையத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும்.

வெல்டிங் வரும் முறை எதுவாக இருந்தாலும் கிரீஸைக் கரைப்பான் கொண்டு துடைத்து, கிரீஸ் பாதைக்குள் இருப்பதையும் வெளியேற்றிவிடுங்கள். இல்லையென்றால் வெல்டிங்கில் ஓட்டை ஓட்டையாகக் குமிழ் விழும், தீயும் பிடிக்கும். தடித்த காதை 100 முதல் 150 டிகிரி வரை முன்சூடு செய்து, குறைந்த ஹைட்ரஜன் கம்பியை அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்தி, முடிந்ததும் வெப்பம் தாங்கும் போர்வை போர்த்தி மெல்ல ஆறவிட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் அதே துண்டில், அருகிலேயே மாட்டுங்கள். தொலைவில் சேசிஸில் மாட்டினால் மின்சாரம் சுழல் பேரிங்கின் குண்டுகள் வழியே பாய்ந்து அதைப் பாழாக்கும். வேலை தொடங்கும் முன் காதைச் சுற்றி விரிசல் சோதனைச் சாயம் அடித்துப் பாருங்கள். விரிசல் விட்ட காதில் எவ்வளவு துல்லியமாகத் துளை கடைந்தாலும் பயன் இல்லை.

எந்த இணைப்புக்கு எது

பூம் அடியில், அதாவது வண்டியின் உடலோடு பூம் சேரும் இடத்தில், லைன் போரிங்கைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இரு காதுகளுக்கிடையே 600 மி.மீ. என்றும், பக்கெட் 9 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரு துளைகளிலும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், பக்கெட் நுனி ஒரு பக்கம் 15 மி.மீ., மறுபக்கம் 15 மி.மீ. ஆடும். பூமும், அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் ஆர்மும் சேரும் இடத்துக்கும் கிட்டத்தட்ட இதே தீர்ப்பு. பின் பெரிது, சுமை பெரிது, மறுபடி பிரிப்பதற்குக் கிரேன் வேண்டும். ஒரே முறை சரியாகச் செய்துவிடுவதே மலிவு.

பக்கெட்டை இயக்கும் இணைப்புக் கம்பிகளுக்கு மட்டும் கையடக்கக் கருவியை வரவழைக்காதீர்கள். இவை தனியே கழன்று வரும் துண்டுகள். பணிமனையில் நிலையான போரிங் மெஷினில் ஏற்றினால் இன்னும் துல்லியமாகவும் குறைந்த செலவிலும் முடியும். ஹைட்ராலிக் சிலிண்டரின் கண்களும் அப்படித்தான். எண்ணெய் அடைபட்ட சிலிண்டரில் டார்ச்சையோ வெல்டிங்கையோ கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். கழற்றி, முழுவதும் பிரித்து, குரோம் தண்டைப் போர்த்திய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

பக்கெட்டின் காதுகளில் நான் கண்டிப்பைத் தளர்த்துகிறேன். பக்கெட் எப்படியும் பல்லும் தகடும் மாற்றித் தேய்ந்துகொண்டே இருக்கும் பகுதி. அதற்கு வளையம் வைத்துக் கட்டுவது முழுக்கப் போதும். காது தடித்திருந்து தேய்மானம் குறைவாக இருந்தால், நிரப்பித் தேய்ப்பதைக்கூட, நீலச்சாயத்தில் சோதித்துச் செய்தால், ஒரு பருவ வேலைக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

வழி எதுவானாலும் கிரீஸ் அடிக்கும் முறை மாறாவிட்டால் ஆயுள் வராது. பின்மேல் சுமை அழுத்தியிருக்கும்போது கிரீஸ் அடித்தால், சுமை இல்லாத பக்கம் வழியே அது வெளியேறிவிடும். தேயும் பக்கம் காய்ந்தே கிடக்கும். பக்கெட்டைத் தரையில் தளர்வாக வைத்து, பின் விடுபட்ட நிலையில் அடிக்க வேண்டும். மாலிப்டினம் கலந்த கிரீஸ் இந்த மெதுவான, கனமான அசைவுக்கு ஏற்றது. சீலின் உதடு வெளிநோக்கி இருந்தால்தான் பழைய கிரீஸ் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்நோக்கிப் போட்டால் புது கிரீஸ் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும், ஓரத்தில் மண்ணும் புகும்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு இணைப்பில் மட்டும்தான் லைன் போரிங் செய்ய முடியும் என்றால், கண்ணுக்கு அதிகம் ஆடுகிற பக்கெட்டை விட்டுவிட்டு, பூம் அடியிலும் ஆர்ம் இணைப்பிலும் அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து, ஜாக்கியால் தூக்கி இறக்கிப் பாருங்கள். இரண்டில் எது 1 மி.மீ.க்கு மேல் காட்டுகிறதோ அதை முதலில் எடுங்கள்; இரண்டும் காட்டினால் பூம் அடிக்கே முன்னுரிமை. பக்கெட் இணைப்புகளுக்கு அதுவரை ஷிம்மும் தினசரிக் கிரீஸும் போதும்.