சாரல் ஊரில் ஒரு பெட்டிக் கட்டில்

செங்கோட்டைக்குக் குடிவருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இங்கே அடிக்கிற காற்றைத்தான். ஆரியங்காவு கணவாய் எங்களுக்கு நேர் மேற்கே இருக்கிறது. ஆனி பிறந்தால் ஆவணி வரைக்கும் அந்த வழியாக வரும் ஈரக்காற்று சுவர், துணி, தீப்பெட்டி எதையும் விட்டுவைக்காது. அதனால் மரத்தூள் பலகையில் கட்டில் வாங்கப் போகிறேன் என்றதும் தெருவில் எல்லாருமே வேண்டாம் என்றார்கள். நான் வாங்கினேன். ஒரு முழுச் சாரலும் கடந்தாயிற்று, கட்டில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து ஈரத்துக்குச் சில வேலைகளை நாமே செய்தால்தான் அது நிற்கும். கடைக்காரர் தரும் குறிப்புத்தாளில் அதெல்லாம் இல்லை.

எங்களுடையது வாடகை வீடு, மாடிப் போர்ஷன். 1956-ல் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டியது. மாடிப்படி செங்குத்தாக இருக்கும், தோளை ஒடுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். முழுதாகச் செய்த கட்டிலை அதில் ஏற்ற முடியாது. ஒரே ஒரு பீரோ, பரண் நிறைந்துவிட்டது. கழற்றி மாட்டுகிற மாதிரியும் வேண்டும், அடியில் சாமான் வைக்கிற மாதிரியும் வேண்டும்.

தெருக்கோடி ஆசாரி அண்ணாச்சியிடம்தான் முதலில் கேட்டேன். தேக்கு, அயனி எல்லாம் எங்களுக்கு எட்டாது. புனலூர்ப் பக்கத்து ரப்பர் மரத்தில் செய்தாலே நான் ஒதுக்கியிருந்த பணத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்றார். "ரப்பர் மரம்னா மருந்து ஏத்தினதாப் பாத்து வாங்கணும்மா, இல்லேன்னா வண்டு துளைச்சிரும்" என்று அவரே சொல்லவும் செய்தார். அவர் சொன்ன கூலி நியாயமானது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் அப்படி ஒரு பெட்டிக் கட்டில், 78-க்கு 60 இன்ச், குயின் சைஸ், பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. வீட்டுக்கே ஆள் வந்து மாட்டித் தருவார் என்று போட்டிருந்தார்கள். பணம் கட்டின பிறகு, உங்கள் பகுதிக்கு அந்த வசதி இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. எல்லை ஓரத்து ஊர்க்காரர்களும் மற்றவர்கள் கொடுக்கிற அதே விலையைத்தான் கொடுக்கிறோம். இதை வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரர் அட்டைப்பெட்டிகளைத் தெருவாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தலைமாட்டுப் பலகையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன், வேறு பலகை அனுப்பினார்கள். அதில் இழுத்தடிக்கவில்லை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே நாலு மூலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

மாட்டுவதற்கு என் கொழுந்தன் வந்தார். கையில் டிரில் மெஷினோடு வந்தவரிடம் அதைக் கீழே வைக்கச் சொன்னேன். இந்தப் பலகை மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. திருகு ஒரு சுற்று கூடுதலாகப் போனாலும் உள்ளே மரை பொடிந்துவிடும், அப்புறம் அந்த ஓட்டையில் எதுவும் பிடிக்காது. கையால், திருப்புளியால் முடுக்கினால் எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்கே தெரியும்.

இணைப்பெல்லாம் மினிஃபிக்ஸ். ஒரு பலகையில் போல்ட்டைத் திருக வேண்டும். மற்றப் பலகையில் 15 மில்லிமீட்டர் ஓட்டையில் வட்டமாக ஒரு பூட்டு உட்காரும். பூட்டின் தலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். போல்ட் வரும் விளிம்பைப் பார்த்து அந்த அம்பு இருந்தால்தான் போல்ட்டின் தலை உள்ளே நுழையும். நுழைந்ததும் திருப்புளியை அரைச்சுற்று திருப்பினால் இரண்டு பலகையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பைக் கையில் உணர முடிந்தது. ஓட்டைகள் ஒரு நூல் கூட விலகாமல் இருந்தன. இந்த விலைக்கு நான் எதிர்பார்க்காத சுத்தமான வேலை. இதற்காகவே இந்தக் கட்டிலை நான் மெச்சுவேன்.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வரும்வரை கால்மாட்டைத் தட்டித் தட்டிச் சரிசெய்து, பிறகுதான் முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்மூடிப் பலகைகள் உட்காராது.

"மைனி, குச்சிக்கெல்லாம் ஃபெவிகால் வச்சிருவோமா? அசையாது" என்றார் கொழுந்தன், பலகைகளை இணைக்கச் செருகுகிற மரக்குச்சிகளைக் காட்டி. சொந்த வீடு என்றால் அதுதான் நல்லது. எங்களுக்கு வீடு மாற வேண்டி வரும், பசை வைத்தால் பிரிக்கும்போது பலகை பெயர்ந்துவிடும். வைக்க வேண்டாம் என்றேன். மரக்குச்சிகள் பசை இல்லாமலே இறுக்கமாகத்தான் நிற்கின்றன.

இனி ஈரத்து விஷயம். இந்தப் பலகையின் மேலும் கீழும் லேமினேட் ஒட்டியிருக்கிறது, அங்கே தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். தண்ணீர் உள்ளே போகிற இடம் விளிம்புதான். விளிம்பில் ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பிரித்ததும் ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற விளிம்பெல்லாம் பிவிசி டேப் ஒட்டி வழவழவென்று இருந்தது. பக்கப் பலகைகளின் அடி விளிம்பு மட்டும் சொரசொரவென்று மரத்தூள் தெரிய வெறுமையாக இருந்தது. தரை துடைக்கிற தண்ணீர் படுவது அங்கேதான்! ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பா வார்னிஷ் வாங்கி, பலகைகளைச் சுவரில் தலைகீழாகச் சாய்த்து, இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிட்ட பிறகுதான் மாட்டினோம். முதல் கோட்டிங்கைப் பலகை அப்படியே குடித்துவிட்டது, அதனால் இரண்டாவது அவசியம். கட்டிலை நிறுத்தின பிறகு இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

கால் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பிளாஸ்டிக் புஷ்தான். நடுச்சட்டத்துக்கு மட்டும் ஒரு இரும்புக் கால், திருகினால் ஏறி இறங்கும். எங்கள் சிவப்பு சிமென்ட் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் அந்த நடுக்காலைத் தரையில் நன்றாக ஊன்றும்வரை இறக்கின பிறகுதான் கட்டில் கிரீச் என்று சத்தம் போடுவது நின்றது. மேற்குச் சுவரில் சாரல் அடிப்பதால் கட்டிலைக் கிழக்குப் பக்கமாகப் போட்டோம், சுவரை ஒட்டாமல் உள்ளங்கை நுழைகிற இடைவெளி விட்டு.

புதுப் பலகைக்கு ஒரு நெடி உண்டு. பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடுதான் காரணம். வெக்கையிலும் ஈரத்திலும் அது இன்னும் கூடும். மூடிகளைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து வைத்து, நெடி அடங்கின பிறகுதான் படுத்தோம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் அவசரப்படக் கூடாது. வாங்கும்போது ஈ1 தரம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதில் இந்த வாயு குறைவு.

எனக்குப் பிடிக்காத இடம் பெட்டியின் அடிப்பலகை. மெல்லிசு. நடுவில் கையை ஊன்றினால் நெளிகிறது. கம்பளி, உபரித் தலையணை, பாய், கொலு பொம்மைகள், இவ்வளவுதான் வைக்கலாம். என் மாமியாரின் சீர்ப் பித்தளைப் பாத்திரங்களைப் பரணிலேயே விட்டுவிட்டேன். புத்தகக்கட்டும் வேண்டாம். இன்னொன்று, மூடியைத் திறக்க மெத்தையைத் தூக்க வேண்டும். எங்களுடையது இலவம்பஞ்சு மெத்தை, ஒரு ஆளால் தூக்க முடியாது. அடிக்கடி எடுக்கிற சாமானுக்கு இது உதவாது. வயதானவர்கள் இருந்தால் கூடுதல் காசு போட்டு இழுப்பறை உள்ளதாக வாங்குங்கள்.

சாரல் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். கம்பளியில் லேசாக ஓத வாடை, பூஞ்சை இல்லை. வெயிலில் போட்டதும் போய்விட்டது. அடி விளிம்பு உப்பவில்லை. ஆசாரி அண்ணாச்சியும் மேலே வந்து குனிந்து பார்த்தார். "வார்னிஷ் அடிச்சது நல்லதாப் போச்சு. வருஷா வருஷம் சித்திரையில ஒரு கை அடிச்சிரு" என்றார். கட்டிலைக் கவிழ்க்காமல் எப்படி அடிப்பது என்று கேட்டேன். ஒரு பக்கத்தை இரண்டு பேர் தூக்கி அடியில் செங்கல் வைத்தால் போதும், அதற்கு முன் உள்ளே இருப்பதையும் மெத்தையையும் எடுத்துவிட வேண்டும், தரதரவென்று இழுக்கவே கூடாது, இழுத்தால் பூட்டு வைத்த இடம் விட்டுப்போகும் என்றார்.