கச்சான் காற்றும் காதுக் குஷனும்: ஓஃபிஸுக்கு எந்த ஹெட்ஃபோன்?

எங்கட ஓஃபிஸில் ஒரு ஏசி இருக்கிறது. அது முகாமையாளரின் அறைக்குள் இருக்கிறது. மிச்ச ஒன்பது பேருக்கும் மூன்று சீலிங் ஃபேன். உட்துறைமுக வீதிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே பஸ் ஹோர்னும் வரும். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் அந்தக் காற்றும் அடுப்படியிலிருந்து வருவது போலத்தான். திருகோணமலையில் இப்படி ஒரு மேசையில் இருந்து ஆறு மணித்தியாலம் காதை மூடிப் பாட்டுக் கேட்கப்போகிறவர், பாஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு, ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) எவ்வளவு என்று பார்க்க முதல் குஷன் எதால் செய்தது என்று பார்க்கவேண்டும். இந்தப் புத்தி எனக்கு வந்தது இரண்டாவது ஹெட்ஃபோனுக்கும் காசு கொடுத்த பிறகு.

முதலாவதின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விலை குறைவு, பார்க்க அழகு. ஒரு வருசத்துக்குள் குஷனின் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து, காதோரமும் சேட்டுக் கொலரும் கறுப்புப் பொடியாகிவிட்டது. பொலியூரித்தேன் பூச்சுள்ள தோலுக்கு ஈரமும் சூடும் ஆகாது. அதன் கட்டமைப்பே மெல்ல மெல்ல உடையும். வியர்வை வேறு சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை.

ஏன் பின்பக்கம் மூடிய வகை, குளோஸ்ட் பேக் என்று கேட்பீர்கள். திறந்த வகைதான் காதுக்குக் காற்றோட்டம். ஆனால் நான் கேட்கிற நாதஸ்வரத்தைப் பக்கத்து மேசையும் கேட்கும், பக்கத்து மேசையின் கதையை நானும் கேட்பேன். ஓஃபிஸில் இரண்டும் வேண்டாம்.

ஆக, மூடிய வகையில் நாலு. என்னிடம் இருப்பது ஒன்று. மிச்சத்தை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு கிழமை போட்டுப் பார்த்தேன். கலியாண வீடுகளுக்கு ஒலிப்பதிவு செய்கிற மச்சானிடம் சோனி எம்டிஆர்-7506. தம்பியிடம் ஓடியோ டெக்னிகா எம்50எக்ஸ். பக்கத்து மேசை அக்காவிடம் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. என்னுடையது பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு).

எடையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. வயரை விட்டால் எம்டிஆர் 230 கிராம், எம்50எக்ஸ் 285, டிடி 770 ப்ரோ 270, அக்காவின் எக்ஸ்எம்4 254. தலைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, காது முழுவதும் உள்ளே போகிறதா என்பதுதான் தெரியும்.

எம்டிஆர்-7506 1991இலிருந்து விற்பனையில் இருக்கிற கிழவன். உலகத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவற்றில் தொங்குவது இதுதான். பேச்சு அப்படியே கண்ணாடி போல் கேட்கும். ஆனால் குஷன் மெல்லியது, கிண்ணம் ஆழமில்லாதது. காதுமடல் உள்ளே முட்டும். முதல் மணித்தியாலம் ஒன்றும் தெரியாது, மூன்றாவதில் தெரியும். சுருள் வயரைக் கழற்றவும் முடியாது, அது மேசை விளிம்பில் தொங்கித் தலையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். மச்சானுக்கு இதைச் சொன்னால், "அது வேலை செய்யிற சாமான், உங்கட சொகுசுக்கு இல்லை" என்பார். சரிதான்.

எம்50எக்ஸுக்கு மூன்று வயர் கொடுக்கிறார்கள், மூன்றையும் கழற்றி மாற்றலாம். இந்த நாலில் வயர் விசயத்தில் இதுதான் முதலிடம். தவிலின் அடி நன்றாக இறங்கும். பிடி இறுக்கம், குஷனோ செயற்கைத் தோல். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற தம்பிக்குப் பரவாயில்லை. சுவரோரம் இருக்கிற எனக்கு இருபது நிமிசத்தில் காதைச் சுற்றி ஈரம்.

எக்ஸ்எம்4 பற்றித்தான் கொஞ்சம் கதைக்கவேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஆசைப்படுவது நொய்ஸ் கேன்சலிங்குக்கு, அதாவது வெளி இரைச்சலை அழிக்கிற வசதிக்கு. போஸ் ஒலிக்கருவிக் கம்பனியைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை வந்தது 1978இல், ஒரு விமானப் பயணத்தில். விமான இரைச்சல் தாழ்ந்த, மாறாத ஒலி. வெளியே உள்ள மைக் அதைப் பிடிக்க, அதற்கு நேரெதிரான அலையை ஹெட்ஃபோன் உள்ளே விட்டு அழிக்கிறது. எங்கட ஃபேனின் உறுமலும், கரண்ட் போனால் கீழ்க் கடையில் போடுகிற ஜெனரேட்டரும் அந்தச் சாதிதான். எக்ஸ்எம்4 போட்டால் இரண்டும் காணாமல் போகும். மனிதக் குரல் அப்படியில்லை. அது உயர்ந்த அலைகளிலும் பரவி, கணத்துக்குக் கணம் மாறும். அக்கா முதல் நாளே சொன்னா: "தம்பி, ஃபேன் சத்தம் நிண்டிட்டுது. ஆனா நீங்கள் ரெலிஃபோனில கதைக்கிறது இன்னும் வடிவாக் கேக்குது." குரலை மறைப்பது மின்னணு வித்தையைவிடக் காதை மூடுகிற மெத்தையின் வேலை.

மற்றபடி அக்காவின் கணக்கு பிழையில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் நொய்ஸ் கேன்சலிங்கோடு 30 மணித்தியாலம், மடிக்கணினியிலும் ஃபோனிலும் ஒரே நேரத்தில் இணைப்பு, வயர் இல்லை. சூம் கூட்டத்துக்கு இதுதான் சௌகரியம். ஆனால் குஷன் மறுபடியும் செயற்கைத் தோல், காதைச் சுற்றி நல்ல இறுக்கமாக அடைக்கும். அடைத்தால்தானே இரைச்சல் நீங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அதைக் கழற்றிக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்ளுவா. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்து வந்தால் அன்று முழுக்க மேசையில்தான் கிடக்கும்.

இனி என்னுடையது. டிடி 770 ப்ரோவின் 80 ஓம் வகைக்கு வெலோர், அதாவது வெல்வெட் போன்ற துணிக் குஷன். கிண்ணம் வட்டமாக, ஆழமாக இருக்கும். காது எங்கும் முட்டாது. துணி வியர்வையை உறிஞ்சும், கொஞ்சம் மூச்சு விடும். வெக்கையில் காது வேர்க்காது என்று சொல்லமாட்டேன். வேர்க்கும், ஆனால் ஒட்டாது. தோல் குஷனை இழுத்துக் கழற்றும்போது கேட்கிற அந்தப் பிசுபிசுச் சத்தம் இதில் இல்லை. 32 ஓம் வகை ஃபோனுக்கு இலகு என்று அதைப் பார்க்கிறவர்கள் கவனம்: அதற்குத் தோல் போன்ற குஷன்தான். ஒரே பெயர், வேறு காது. 250 ஓமுக்கு வெலோர்தான், ஆனால் ஃபோனில் போட்டால் சத்தம் போதாது, அம்ப் (ஒலியைப் பெருக்குகிற பெட்டி) வேண்டும். 80 ஓம் என் மடிக்கணினியில் போதுமான அளவுக்குப் பாடுகிறது.

குறைகளும் உண்டு. உச்சத்தில் ஒரு கூர்மை இருக்கிறது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது ஊசி குத்தும், அந்த இடத்தை ஈக்குவலைசரில் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன். மூன்று மீற்றர் வயர், கழற்ற முடியாது, கதிரைச் சில்லு ஏறிவிடும். முக்கியமான எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் வெலோர் அதைக் குடித்துவிடும், பிறகு தூசியெல்லாம் அதில்தான். குஷனைக் கழற்றி மெல்லிய சவர்க்காரத் தண்ணியில் கழுவி நிழலில் காயவிடுவேன். தேய்ந்தால் புதுக் குஷன் தனியாக வாங்கலாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணாடித் தண்டு குஷனைத் தூக்கி இடைவெளி விடும், அதனூடாக பாஸ் ஒழுகும். மெத்தென்ற வெலோரில் தண்டு அழுந்துவது குறைவு, ஆனால் ஒழுகல் இருக்கும். பாஸ் குறைகிறதென்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல், கிழமைக்கு 40 மணித்தியாலம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பு அளவு. ஓஃபிஸ் நேரம் முழுக்கக் கேட்கிறவர் அந்த 40க்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

ஏசி அறையில் இருப்பவரென்றால் நான் எக்ஸ்எம்4 என்று சொல்லுவேன், யோசிக்கவே மாட்டேன். எங்கட முகாமையாளர் ஐயாவிடம் அதுவும் சொன்னேன். அவர் ஹெட்ஃபோனே போடுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு ஃபோன் ஸ்பீக்கரில் கிரிக்கெட் கேட்கிறார்.